டெக்சாஸ் புரட்சியும் டெக்சாஸ் குடியரசும்: சொற்களைப் புரிந்து படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டெக்சாஸில் பள்ளிப் பிள்ளைகள் நான்காம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் மாநில வரலாறு படிக்கிறார்கள். ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரிந்த கதைதான்: எம்பிரசாரியோ, டெஹானோ, ஆட் இன்டெரிம், ஹெட்ரைட், ரெட்பேக், அனெக்சேஷன் என்று ஒரு சொற்பட்டியல் வீட்டுக்கு வரும், பிள்ளை அதை அகரவரிசையில் மனப்பாடம் செய்து தேர்வு எழுதும், அடுத்த மாதம் ஒன்றும் நினைவில் இருக்காது. உதவலாம் என்று உட்கார்கிற அம்மா அப்பாவுக்கோ இந்த வரலாறு முற்றிலும் புதிது.

இந்த வழிகாட்டி அவர்களுக்காகத்தான். பள்ளிப் பிள்ளை இல்லாதவர்களும், ஒரு எல்லைப்புறக் குடியேற்றம் எப்படித் தனி நாடானது, அந்த நாடு பத்தே ஆண்டில் எப்படி இன்னொரு நாட்டில் கரைந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பினால் படிக்கலாம். நான் சொல்ல வருவது ஒரே விஷயம். ஒரு சொல்லை அதன் பொருளோடு மட்டும் படிக்காதீர்கள். எந்த ஆண்டில், யார், எந்தக் காகிதத்தில் அதை எழுதினார்கள் என்பதோடு சேர்த்துப் படியுங்கள். இந்த வரலாற்றில் நிறையச் சொற்கள் ஒரு பக்கத்துக்காகப் பேசுகிறவை. எந்தப் பக்கம் என்று தெரியாமல் மனப்பாடம் செய்தால் அந்தப் பக்கத்தின் வாதத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுவோம்.

படி 1: நோட்டில் நான்கு பத்தி போடுங்கள், ஏழு தேதிகளை எழுதுங்கள்

முதல் பத்தியில் சொல், இரண்டாவதில் ஆண்டு, மூன்றாவதில் சொன்னவர், நான்காவதில் எந்த ஆவணம் அல்லது சம்பவம். அவ்வளவுதான் ஏற்பாடு.

பிறகு இந்தத் தேதிகளை மேலே எழுதிக்கொள்ளுங்கள். 1821: மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது. 1824: மெக்சிகோவின் கூட்டாட்சி அரசியலமைப்பு. 1830 ஏப்ரல் 6: அமெரிக்காவிலிருந்து குடியேறுவதைத் தடுத்த மெக்சிகோ சட்டம். 1835 அக்டோபர் 2: கொன்சாலஸ் ஊரில் ஒரு பீரங்கிக்காகக் குடியேறிகளுக்கும் மெக்சிகோ படைக்கும் நடந்த முதல் மோதல். 1836 மார்ச் 2: டெக்சாஸின் சுதந்திரப் பிரகடனம். 1836 ஏப்ரல் 21: சான் ஜசின்டோ சண்டை. 1845 டிசம்பர் 29: டெக்சாஸ் அமெரிக்க மாநிலமானது. எந்தச் சொல் வந்தாலும் இந்த ஏழில் எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 2: மனிதர்களைக் குறிக்கும் சொற்கள்

இன்று எல்லோரையும் டெக்சன் என்கிறோம். அன்று 'டெக்சியன்' என்ற சொல்தான் புழக்கத்தில் இருந்தது; பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்த ஆங்கிலம் பேசும் குடியேறிகளைக் குறித்தது. அவர்களையே பாடப்புத்தகம் ஆங்கிலோ என்றும் சொல்லும். 'டெஹானோ' என்றால் டெக்சாஸிலேயே வேரூன்றியிருந்த ஸ்பானிய மொழி பேசும் மெக்சிகர்கள். புரட்சி என்றால் டெக்சியன் ஒரு பக்கம், மெக்சிகர் மறுபக்கம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அது சரியில்லை. பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட 59 பேரில் ஹோசே அன்டோனியோ நவாரோவும் ஹோசே பிரான்சிஸ்கோ ரூயிஸும் சான் அன்டோனியோவில் பிறந்த டெஹானோக்கள். லொரென்சோ டி சவாலா யுகடானில் பிறந்தவர், மெக்சிகோ அரசியலில் பெரிய பெயர், பிறகு டெக்சாஸ் குடியரசின் முதல் துணைத் தலைவர். அந்த மண்ணில் பிறந்து கையெழுத்திட்டவர்கள் அந்த இரண்டு டெஹானோக்கள் மட்டும்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹுவான் செகின் பெயரைத் தனியாக எழுதுங்கள். சான் ஜசின்டோவில் டெஹானோ படைப்பிரிவை நடத்தியவர், பின்னால் குடியரசின் செனட்டர், சான் அன்டோனியோ மேயர். 1842-ல், புதிதாக வந்து இறங்கியவர்களின் பகையும் சந்தேகமும் தாங்காமல் மெக்சிகோவுக்கே ஓட வேண்டியிருந்தது. டெஹானோ என்ற சொல்லுக்கு 1836-ல் இருந்த மதிப்பு ஆறே ஆண்டில் எப்படி இறங்கியது என்பதற்கு இவர் வாழ்க்கை போதும்.

அடுத்தது 'பிரன்டியர்', அதாவது எல்லைப்புறம். இது குடியேறியவர்களின் பார்வை. கொமாஞ்சி பூர்வகுடிகளுக்கு அது சொந்த நாடு, குதிரையும் எருமை வேட்டையுமாக அவர்கள் ஆண்ட சமவெளி. மெக்சிகோவும் சரி, டெக்சாஸும் சரி, வரைபடத்தில் வண்ணம் பூசினார்களே தவிர வெகுகாலம் அங்கே அதிகாரம் செலுத்த முடியவில்லை. கிழக்கே செரோக்கிகள், கேடோக்கள், கடற்கரையில் கரங்காவாக்கள். பட்டியலில் 'இந்தியர்' என்று ஒரே சொல் இருந்தால் அதைப் பிரித்து இந்தப் பெயர்களாக எழுதுங்கள், ஏனென்றால் குடியரசு ஒவ்வொருவரோடும் வேறு வேறு விதமாக நடந்துகொண்டது.

படி 3: நிலச் சொற்கள் (இங்கே நேரம் செலவிடுங்கள்)

இந்தப் புரட்சியின் அடியில் இருப்பது நிலம். நிலச் சொற்கள் பிடிபட்டால் மற்றவை தானாக வரும்.

எம்பிரசாரியோ என்பவர் அரசோடு ஒப்பந்தம் போட்டு இத்தனை குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றுகிறேன் என்று பொறுப்பேற்கும் குடியேற்ற முகவர். மோசஸ் ஆஸ்டின் 1821 தொடக்கத்தில் ஸ்பானிய அதிகாரிகளிடம் 300 குடும்பங்களுக்கு அனுமதி வாங்கினார், அதே ஆண்டு ஜூனில் இறந்துபோனார். மகன் ஸ்டீபன் ஆஸ்டின் அதை எடுத்து நடத்தினார். அதற்குள் ஸ்பெயின் ஆட்சி போய் மெக்சிகோ வந்துவிட்டதால் அனுமதியை மறுபடி வாங்க மெக்சிகோ நகரம் வரை போய்க் காத்திருந்தார். 'ஓல்டு த்ரீ ஹண்ட்ரட்' என்பது அந்த முதல் குடும்பங்களைக் குறிக்கும் பெயர்.

அளவுகள் மூன்று: வாரா, லபோர், லீக். வாரா என்பது சுமார் 33 அங்குலத்துக்குச் சற்று மேல். பக்கத்துக்கு 1,000 வாரா உள்ள சதுரம் ஒரு லபோர், அதாவது சுமார் 177 ஏக்கர்; உழவுக்கான நிலம். பக்கத்துக்கு 5,000 வாரா உள்ள சதுரம் ஒரு லீக், சுமார் 4,428 ஏக்கர், மேய்ச்சலுக்கானது. ஆக ஒரு லீக்கில் 25 லபோர். உழவும் மேய்ச்சலும் செய்கிற குடும்பத்துக்கு ஒரு லீக்கும் ஒரு லபோரும் கிடைத்தது, கூட்டினால் ஏறக்குறைய 4,605 ஏக்கர். தஞ்சாவூர்க் கணக்கில் போட்டால் கிட்டத்தட்ட 700 வேலி. ஒரே குடும்பத்துக்கு!

அதே காலத்தில் அமெரிக்க அரசிடம் பொது நிலம் வாங்க ஏக்கருக்கு 1.25 டாலர், ரொக்கமாகக் கட்ட வேண்டும். 1819-ல் வந்த பொருளாதார நெருக்கடியில் கடனாளியான எத்தனையோ பேருக்கு அது எட்டாத தொகை. இந்தப் பக்கம் மெக்சிகோ சொற்பக் கட்டணத்துக்கு, தவணையில், இவ்வளவு நிலம் தந்தது. நிபந்தனைகள்: மெக்சிகோவுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும், கத்தோலிக்க மதத்தை ஏற்க வேண்டும், நன்னடத்தைச் சான்று வேண்டும். 'கான் டு டெக்சாஸ்' (டெக்சாஸுக்குப் போய்விட்டோம்) என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளை, G.T.T. என்று, கதவில் எழுதிவிட்டுக் கடனாளிகள் கிளம்பினார்கள் என்று சொல்லப்படுவதன் பின்னணி இதுதான்.

இதோடு அல்கால்டே, அயுந்தாமியென்டோ என்ற இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது ஊர்த் தலைவரும் நீதிபதியும் ஒருவராக இருக்கும் பதவி. இரண்டாவது ஊர் மன்றம். ஜூரி விசாரணைக்குப் பழகிய குடியேறிகளுக்கு அல்கால்டே முறை பிடிக்கவில்லை, அந்த மனக்குறை பின்னால் பிரகடனத்திலேயே வரும்.

இப்போது 1836-க்குத் தாவுங்கள். புதிய குடியரசின் நிலச் சொல் 'ஹெட்ரைட்'. 1836 மார்ச் 2 அன்று டெக்சாஸில் குடியிருந்த குடும்பத் தலைவருக்கு ஒரு லீக்கும் ஒரு லபோரும். அளவைக் கவனியுங்கள், மெக்சிகோ கொடுத்த அதே அளவு. ஆட்சி மாறியும் ஸ்பானிய அளவு மாறவில்லை. அதற்குப் பின், 1837 அக்டோபர் 1 வரை வந்த குடும்பங்களுக்கு 1,280 ஏக்கர், அதற்கும் பின் வந்தவர்களுக்கு 640 ஏக்கர் என்று குறைந்துகொண்டே போனது. 'பவுண்டி நிலம்' வேறு: படையில் சேவை செய்ததற்கு, மூன்று மாதத்துக்கு 320 ஏக்கர் வீதம். இரண்டையும் குழப்பிக்கொள்வது தேர்வில் வழக்கமாக நடக்கிற தவறு. குடியிருந்ததற்கு ஹெட்ரைட், சண்டை போட்டதற்கு பவுண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் கைக்கு வரும் வழியையும் வரிசையாக எழுதுங்கள். கவுன்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) இருக்கும் நிலக் குழு முன் ஆஜராகி, எப்போது வந்தேன் என்று சாட்சியோடு நிரூபித்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழ் நிலம் ஆகாது, நிலம் கேட்கும் உரிமை மட்டும்தான். பிறகு சர்வேயர் போய் அளந்து, எந்த மரத்திலிருந்து எந்த ஓடை வரை எத்தனை வாரா என்று எழுதும் குறிப்பு, அது 'ஃபீல்ட் நோட்ஸ்'. அது பொது நில அலுவலகத்துக்குப் போய்ச் சரிபார்க்கப்பட்ட பிறகு வருவது 'பேட்டன்ட்'. பேட்டன்ட் என்றதும் கண்டுபிடிப்பு உரிமை நினைவுக்கு வரும், இங்கே அது நிலப் பட்டா. சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் நடுவில் ஆண்டுகள் ஓடியதுண்டு, அவசரப் பணத்துக்குச் சான்றிதழை மலிவாக விற்றுவிட்டவர்களும் நிறைய, நில வியாபாரிகள் கொழித்தது அப்படித்தான்.

படி 4: சண்டைக்கு முந்தைய அரசியல் சொற்கள்

இரண்டே சொற்கள் முக்கியம்: கூட்டாட்சிவாதி (மாநிலங்களுக்கு அதிகாரம் வேண்டும் என்பவர்), மத்தியவாதி (அதிகாரம் மத்திய அரசிடமே இருக்க வேண்டும் என்பவர்). 1824 அரசியலமைப்பு மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. டெக்சாஸ் தனி மாநிலம் கிடையாது, பக்கத்துக் கோவாவீலாவோடு சேர்த்து ஒரே மாநிலம், தலைநகரம் எங்கோ தெற்கே சால்தீயோவில். 1828-ல் ஜெனரல் மியேர் இ தெரான் எல்லைப் பகுதியை ஆய்வு செய்யப் போய், அமெரிக்கக் குடியேறிகள் மெக்சிகர்களைவிடப் பல மடங்கு பெருகிவிட்டதைக் கண்டு எச்சரித்தார். அதன் விளைவுதான் 1830 ஏப்ரல் 6 சட்டம்: அமெரிக்கக் குடியேற்றத்துக்குத் தடை, சுங்கச் சாவடிகளுக்குப் படைக் காவல். குடியேறிகள் கொதித்தார்கள். 1832, 1833-ல் மாநாடுகள் கூட்டி, தடையை நீக்குங்கள், எங்களைத் தனி மாநிலமாக்குங்கள் என்று கேட்டார்கள். தனி மாநிலம், தனி நாடு அல்ல. இந்த வித்தியாசத்தை அடிக்கோடிடுங்கள். கோரிக்கையோடு மெக்சிகோ நகரம் போன ஆஸ்டின் திரும்பும் வழியில் 1834 ஜனவரியில் கைதானார். டெக்சாஸுக்குத் திரும்பியது 1835-ல்தான்.

இதற்கிடையே மெக்சிகோ குடியரசுத் தலைவர் சான்டா அன்னா கூட்டாட்சிவாதியாகப் பதவிக்கு வந்து மத்தியவாதியாக மாறினார். எதிர்த்த சகதேகாஸ் மாநிலத்தை 1835 மே மாதம் படை கொண்டு நொறுக்கினார். இதைத் தவறாமல் எழுதுங்கள், ஏனென்றால் டெக்சாஸ் கலகம் தனியாக நடந்த ஒன்றல்ல, மெக்சிகோவுக்குள்ளேயே பல மாநிலங்களில் எழுந்த கூட்டாட்சிவாதிகளின் எதிர்ப்பில் ஒரு பகுதியாகத் தொடங்கியது. நவாரோ, சவாலா, செகின் போன்றவர்கள் ஏன் அந்தப் பக்கம் நின்றார்கள் என்பது இதை வைத்துத்தான் விளங்கும்.

படி 5: போர்ச் சொற்கள், வேகமாக

போரைப் பற்றிப் படமும் கதையும் ஏராளம், அதனால் இங்கே சுருக்கமாக முடிக்கிறேன். 'சீஜ்' என்றால் முற்றுகை. சான் அன்டோனியோவில் டெக்சாஸ் வீரர்கள் காத்துநின்ற அலமோ கோட்டையின் முற்றுகை 1836 பிப்ரவரி 23 முதல் மார்ச் 6 வரை, 13 நாள். டெக்சாஸ் தரப்பின் டிராவிஸ், போயி, கிராக்கெட் மூவரும் அங்கே இறந்தார்கள். 'ரன்அவே ஸ்க்ரேப்' என்பது அலமோ விழுந்த செய்தி கேட்டுக் குடும்பங்கள் மழையிலும் சேற்றிலும் வீடு வாசலைப் போட்டுவிட்டுக் கிழக்கே ஓடியதற்குப் பெயர்; இதைப் போர்ச் சொல்லாக மட்டும் பார்க்காதீர்கள், ஓடியவர்களில் பெண்களும் குழந்தைகளும் அடிமைகளும்தான் அதிகம்.

கோலியாடில் கொஞ்சம் நின்று பாருங்கள். சரணடைந்த டெக்சாஸ் தளபதி ஃபானினின் படையினரை 1836 மார்ச் 27 அன்று சுட்டுக் கொன்றார்கள், 340 பேருக்கு மேல். டெக்சாஸ் நூல்களில் இதன் பெயர் 'படுகொலை'. மெக்சிகோ அரசோ 1835 டிசம்பர் 30-ல் போட்ட டோர்னெல் ஆணையைக் காட்டியது: ஆயுதத்தோடு நுழையும் வெளிநாட்டினர் கடற்கொள்ளையராக நடத்தப்படுவார்கள். உங்கள் நோட்டின் மூன்றாம் பத்தியில் இரண்டு தரப்பும் வர வேண்டும். ஆணை இருந்தது என்பதால் சரணடைந்தவர்களைக் கொன்றது நியாயம் ஆகாது. உத்தரவை எதிர்த்து முணுமுணுத்த மெக்சிகோ அதிகாரிகளும் இருந்தார்கள்.

சான் ஜசின்டோ: சுமார் 18 நிமிடத்தில் முடிந்த சண்டை. மெக்சிகோ தரப்பில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள், சண்டை முடிந்த பிறகும் கொல்வது நிற்கவில்லை. டெக்சாஸ் தரப்பில் இறந்தவர்கள் ஒன்பது பேர். மறுநாள் சான்டா அன்னா பிடிபட்டார். லா போர்ட்டில் 567 அடி உயர நினைவுத்தூண் நிற்கிறது. ஹூஸ்டனில் இருப்பவர்கள் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போங்கள்.

படி 6: அரசுச் சொற்கள் (பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம்)

நான்கு சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். கன்சல்டேஷன், ப்ரொவிஷனல், கன்வென்ஷன், ஆட் இன்டெரிம். நேரவரிசையில் வையுங்கள்.

1835 நவம்பரில் சான் பெலிப்பேயில் கூடியது கன்சல்டேஷன், ஆலோசனைக் கூட்டம். அது சுதந்திரம் கேட்கவில்லை. 1824 அரசியலமைப்பைக் காக்கத்தான் ஆயுதம் எடுத்தோம் என்று அறிவித்து ஒரு தற்காலிக அரசை அமைத்தது, அதுதான் ப்ரொவிஷனல். ஆளுநர் ஹென்றி ஸ்மித், பக்கத்தில் ஒரு பொது மன்றம். இருவருக்கும் யாருக்கு என்ன அதிகாரம் என்று தெளிவாக எழுதிவைக்கவில்லை. மன்றம் மெக்சிகோவின் மட்டமோரஸ் நகரத்தைத் தாக்கப் படை அனுப்பத் துடித்தது, ஆளுநர் எதிர்த்தார். 1836 ஜனவரியில் ஆளுநர் மன்றத்தைக் கலைத்தேன் என்றார், மன்றம் ஆளுநரை நீக்கினேன் என்றது. சான்டா அன்னாவின் படை வடக்கே வந்துகொண்டிருந்த அந்த வாரங்களில் டெக்சாஸில் உத்தரவு போட ஆளே இல்லாத நிலை. அலமோவுக்கு ஏன் உதவி போகவில்லை என்று பிள்ளை கேட்டால், தூரத்தையும் படைப் பற்றாக்குறையையும் சொல்லிவிட்டு இதையும் சொல்லுங்கள்.

1836 மார்ச் 1-ல் வாஷிங்டன்-ஆன்-த-பிராசோஸ் என்ற சிற்றூரில் கூடியது கன்வென்ஷன், மாநாடு. கூடிய மறுநாளே பிரகடனம், இரண்டு வாரத்தில் அரசியலமைப்பு. அலமோவில் இருந்தவர்கள் செத்துக்கொண்டிருந்தபோது இங்கே நாடு பிறந்துகொண்டிருந்தது. பிறகு தேர்தல் நடத்தும் நிலை வரும்வரை பொறுப்பேற்றது ஆட் இன்டெரிம் அரசு, இடைக்கால அரசு: தலைவர் டேவிட் பர்னெட், துணைத் தலைவர் சவாலா. ப்ரொவிஷனல் என்றால் மெக்சிகோவுக்குள் இருந்துகொண்டு அமைத்தது, ஆட் இன்டெரிம் என்றால் தனி நாடு என்று அறிவித்த பிறகு அமைத்தது. இந்த ஒரு வரி போதும், மறக்காது.

பிரகடனத்தைப் பிள்ளையோடு சேர்ந்து ஒருமுறை முழுதாக வாசியுங்கள், நீளம் அதிகமில்லை. குறைகள் வரிசையாக வரும்: ஜூரி விசாரணை இல்லை, பொதுக் கல்வி இல்லை, மனச்சாட்சிப்படி வழிபடும் உரிமை இல்லை, ஆஸ்டினைச் சிறையில் வைத்தார்கள், ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஓரிடத்தில் மெக்சிகோ மக்கள் சுதந்திரத்துக்குத் தகுதியற்றவர்கள், தம்மைத் தாமே ஆளத் தெரியாதவர்கள் என்றும் எழுதியிருக்கிறது. அந்தக் காகிதத்தின் அடியில்தான் நவாரோவும் ரூயிஸும் சவாலாவும் கையெழுத்துப் போட்டார்கள். எந்தச் சொல்லகராதியிலும் கிடைக்காத விஷயம் இது, ஆவணத்தை வாசித்தால்தான் கிடைக்கும்.

அரசியலமைப்பில் குறிக்க வேண்டியவை: ஈரவைக் காங்கிரஸ், முதல் தலைவருக்கு இரண்டு ஆண்டு, பின்வருபவர்களுக்கு மூன்று ஆண்டு, அடுத்தடுத்து இருமுறை நிற்க முடியாது. மதகுருக்கள் பதவி வகிக்கக் கூடாது. கட்ட வழியில்லாத கடனுக்காக ஒருவரைச் சிறையில் போடக் கூடாது. கடனாளிகள் ஓடிவந்து குடியேறிய நாட்டின் சட்டம் இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

1836 செப்டம்பரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில், சான் ஜசின்டோவில் டெக்சாஸ் படையை நடத்திய சாம் ஹூஸ்டனுக்கு 5,119 வாக்கு, ஹென்றி ஸ்மித்துக்கு 743, ஆஸ்டினுக்கு 587. 15 ஆண்டு உழைத்த ஆஸ்டின் மூன்றாம் இடம். வெளியுறவுச் செயலராகப் பொறுப்பேற்று அந்த டிசம்பரிலேயே இறந்தார். முதல் காங்கிரஸ் கூடியது கொலம்பியாவில், இன்றைய வெஸ்ட் கொலம்பியா. பியர்லாண்ட் மீனாட்சி கோவிலுக்குப் போகிறவர்கள் தெற்கே ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் போய்ப் பார்த்துவிடலாம்.

படி 7: அடிமைமுறைச் சொற்களைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்

பல சொற்பட்டியல்களில் இந்தப் பக்கம் மெலிந்துதான் இருக்கும். நீங்கள் மெலிய விடாதீர்கள்.

டெக்சாஸ் அடங்கியிருந்த கோவாவீலா-டெஹாஸ் மாநிலத்தின் 1827 அரசியலமைப்பு இனிப் பிறக்கும் யாரும் அடிமை அல்ல என்றது, புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதற்கும் ஆறு மாதக் கெடு வைத்தது. குடியேறிகள் என்ன செய்தார்கள்? அடிமையை 'ஒப்பந்தப் பணியாள்' என்று எழுதினார்கள். எல்லை தாண்டுமுன் ஒரு காகிதம். அதன்படி அந்த மனிதர் தன் விலையை உழைத்துக் கழிக்க ஒப்புக்கொண்டதாக இருக்கும், உழைத்துக் கழிக்க ஓர் ஆயுள் போதாது. 1829-ல் குடியரசுத் தலைவர் கெரேரோ மெக்சிகோ முழுவதும் அடிமைமுறையை ஒழித்து ஆணை போட்டார்; டெக்சாஸுக்கு உடனே விலக்கு வாங்கிவிட்டார்கள். ஆனால் பயம் போகவில்லை. பருத்தி விளைய அடிமைகள் வேண்டும் என்பதே பெரும்பாலான பெரிய குடியேறிகளின் கணக்கு.

இப்போது இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1836 மார்ச் 2 பிரகடனத்தில் அடிமைமுறை என்ற பேச்சே இல்லை. இரண்டு வாரம் கழித்து முடிந்த அரசியலமைப்பில் பொது விதிகளின் 9-ஆம் பிரிவு முழுக்க அதுதான்: டெக்சாஸுக்கு வருமுன் அடிமையாக இருந்தவர்கள் அடிமையாகவே இருப்பார்கள், காங்கிரஸ் அவர்களை விடுவிக்க முடியாது, காங்கிரஸின் அனுமதி இல்லாமல் உரிமையாளரே தன் அடிமையை விடுவிக்க வேண்டுமென்றால் அவரை நாட்டுக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும், சுதந்திரமான கறுப்பினத்தவர் காங்கிரஸின் ஒப்புதல் இல்லாமல் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது. அடுத்த பிரிவு குடியுரிமையிலிருந்து ஆப்பிரிக்கர், அவர்கள் வழிவந்தோர், இந்தியர் (பூர்வகுடிகள்) ஆகியோரை விலக்குகிறது. ஹெட்ரைட் நிலமும் அவர்களுக்குக் கிடையாது. 'சிட்டிசன்' என்ற சொல்லுக்கு நேரே நோட்டில் இந்த விலக்கையும் எழுதினால்தான் அந்தச் சொல் முழுமையாகும். 1836-ல் டெக்சாஸில் சுமார் 5,000 அடிமைகள் இருந்தார்கள், குடியரசு முடியும்போது அது பல மடங்கு.

படி 8: குடியரசு காலத்துப் பணம், எல்லை, தூது

'ரேட்டிஃபை' (உடன்படிக்கைக்கு முறைப்படி ஒப்புதல் தருவது) என்ற சொல்லை வெலாஸ்கோ உடன்படிக்கைகளோடு படியுங்கள். 1836 மே 14-ல் சிறைபிடிக்கப்பட்ட சான்டா அன்னா இரண்டு உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டார், ஒன்று வெளிப்படை, ஒன்று ரகசியம். மெக்சிகோ படை ரியோ கிராண்டே ஆற்றுக்கு அப்பால் போகும் என்பது வெளிப்படையானதில் உண்டு. தன்னை விடுவித்தால் அங்கீகாரத்துக்கு முயல்வேன் என்பது ரகசியத்தில். கைதி போட்ட கையெழுத்து செல்லாது என்று மெக்சிகோ காங்கிரஸ் ஒப்புதல் தர மறுத்தது. ஆகவே உடன்படிக்கை இருந்தது, சமாதானம் இல்லை. 'நுவேசஸ்' ஆறு வரைதான் டெக்சாஸ் என்பது மெக்சிகோ காலத்துக் கணக்கு, ரியோ கிராண்டே வரை எங்களுடையது என்று டெக்சாஸ் காங்கிரஸ் 1836 டிசம்பரில் சட்டம் போட்டது. நடுவில் கிடந்த நிலம்தான் 1846 அமெரிக்க-மெக்சிகோ போருக்குப் பொறி.

'ரெகக்னிஷன்', அங்கீகாரம்: அமெரிக்கா 1837 மார்ச், பிரான்ஸ் 1839, பிறகு நெதர்லாந்தும் பிரிட்டனும். 'லெகேஷன்' என்றால் தூதரகத்துக்கு ஒரு படி கீழே உள்ள தூதகம். ஆஸ்டினில் பிரெஞ்சு லெகேஷன் கட்டடம் இன்றும் இருக்கிறது.

பணச் சொற்களில் 'ரெட்பேக்' ஒன்றைச் சரியாகப் பிடித்தால் போதும். மிராபோ லமார் தலைவராக இருந்தபோது 1839-ல் அச்சடித்த காகிதப் பணம். பின்னால் பொன் வெள்ளி எதுவும் இல்லை, அரசு தரும் என்ற வாக்கு மட்டும். 1842 வாக்கில் ஒரு டாலர் ரெட்பேக் இரண்டு மூன்று சென்ட்தான் பெறும். லமார் படைக்கும், மெக்சிகோ வசமிருந்த சான்டா ஃபே நகரத்துக்கு அனுப்பிய பயணத்துக்கும், புதுத் தலைநகர் ஆஸ்டினுக்கும் செலவழித்ததில் கடன் இரு மடங்குக்கு மேல் ஏறியது. ஆனால் ஒவ்வொரு கவுன்டிக்கும் பள்ளிக்காக மூன்று லீக் நிலம் ஒதுக்கியதும் அவர் ஆட்சிதான், அதையும் எழுதுங்கள்.

லமாரின் இன்னொரு சொல் 'எக்ஸ்பல்ஷன்', வெளியேற்றம். 1836 பிப்ரவரியில் ஹூஸ்டன் செரோக்கிகளோடு நில உடன்படிக்கை செய்து அவர்கள் போரில் நடுநிலை காக்கும்படி பார்த்துக்கொண்டார். போர் முடிந்ததும் செனட் அதை ஏற்க மறுத்துவிட்டது. 1839 ஜூலையில் நெச்சஸ் ஆற்றருகே நடந்த சண்டையில் முதிய தலைவர் டுவாலி கொல்லப்பட்டார், அவருடைய மக்கள் டெக்சாஸைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். வாக்குக் கொடுத்து நடுநிலையை வாங்கிக்கொண்டு பிறகு வாக்கை மறுத்தார்கள் என்பதை மறைக்காமல் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

'ஹோம்ஸ்டெட்' 1839-ல் வந்தது: கடன் கொடுத்தவர் ஒரு குடும்பத்தின் 50 ஏக்கரையோ ஊருக்குள் இருக்கும் மனையையோ பறிக்க முடியாது. டெக்சாஸில் வீடு வாங்கிய நம்மவர்கள் கவுன்டியில் கொடுக்கும் ஹோம்ஸ்டெட் விண்ணப்பம் வரிச்சலுகைக்கானது, வேலை வேறு. ஆனாலும் கடனுக்கு எதிரான அந்தப் பழைய பாதுகாப்பும் டெக்சாஸ் சட்டத்தில் இன்றுவரை தொடர்கிறது.

படி 9: இணைப்பு

'அனெக்சேஷன்' என்றால் இணைப்பு. 1836 தேர்தலிலேயே மக்கள் பெருவாரியாக இதற்கு வாக்களித்தார்கள், மறுத்தது அமெரிக்கா. இன்னொரு அடிமை மாநிலம் வந்தால் அடிமைமுறை உள்ள மாநிலங்களுக்கும் இல்லாத மாநிலங்களுக்கும் இடையிலான சமநிலை கெடும், மெக்சிகோவோடு போர் வரும் என்ற இரண்டு பயம். 1844-ல் 'ட்ரீட்டி', அதாவது உடன்படிக்கை வழியில் முயன்றார்கள். அதற்கு அமெரிக்க செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், எதிராக 35, ஆதரவாக 16 என்று தோற்றது. அடுத்த ஆண்டு 'ஜாயின்ட் ரெசல்யூஷன்', கூட்டுத் தீர்மானம். இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை போதும், செனட்டில் 27-25 என்று மயிரிழையில் தேறியது. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் டெக்சாஸ் மாநிலமான கதை.

நிபந்தனைகளில் ஒன்றைக் கட்டாயம் குறியுங்கள்: டெக்சாஸ் தன் கடனையும் தானே வைத்துக்கொண்டது, பொது நிலத்தையும் தானே வைத்துக்கொண்டது. மற்ற மேற்கு மாநிலங்களில் அந்த நிலம் மத்திய அரசுக்குப் போனது. ஆஸ்டினில் இருக்கும் பொது நில அலுவலகம் இன்றும் மாநில அலுவலகமாக இயங்குவது அதனால்தான்.

படி 10: கடைசியாக ஒரு பயிற்சி

அந்த அலுவலகத்தின் பழைய நிலக் கோப்புகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் குடியிருக்கும் கவுன்டியின் பெயரைக் கொடுத்துத் தேடி, 1836-க்கும் 1845-க்கும் இடைப்பட்ட ஏதாவது ஒரு கோப்பைத் திறங்கள். கையெழுத்து முதலில் மிரட்டும், பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். அதில் எந்த வகுப்பு ஹெட்ரைட் (வந்த தேதியைப் பொறுத்தது), எத்தனை லீக் எத்தனை லபோர், சர்வேயர் எழுதிய வாராக் கணக்கு, சான்றிதழ் கைமாறியிருந்தால் வாங்கியவர் பெயர், பட்டா கிடைத்த தேதி என்று பிள்ளையைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தேதியைப் படி 1-ல் எழுதிய ஏழு தேதிகளுக்கு நடுவே பொருத்தி, அந்த மனிதர் நிலம் கேட்டபோது ஆண்டது யார், பணம் எது, அந்த நிலத்தில் அதற்கு முன் வாழ்ந்தவர்கள் யார் என்று மூன்று கேள்விகளுக்கும் நோட்டில் பதில் எழுத வையுங்கள்.